காலிலிருந்து நெஞ்சுக்கு

ஜெர்மனியில் கால் வீங்கினால் தையல்காரர் மாதிரி டேப் வைத்து அளக்கிறார்கள். இடது கெண்டைக்கால் வலதைவிட நான்கு சென்டிமீட்டர் பெரிது என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். நான் லாரி ஓட்டுகிறவன், உட்கார்ந்தே பிழைக்கிற பிழைப்பு. ஒரு வீக்கத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எரிச்சலாக வந்தது. ரத்தம் எடுத்தார்கள். தொடையிலிருந்து கீழே ஸ்கேன் கருவியால் அழுத்திப் பார்த்தார்கள். ரத்தக்கட்டி. "தேய்க்கவே கூடாது" என்றார் டாக்டர். கட்டி கழன்று ஓடி நுரையீரல் குழாயை அடைத்தால் அதற்கு 'எம்போலி' என்று பெயர். எலும்பு முறிந்தால் கொழுப்பும், சில சமயம் காற்றுக்குமிழியும்கூட இப்படிப் போய் அடைக்குமாம். திடீரென்று மூச்சு முட்டும், மாரடைப்பு என்றே பலர் நினைத்துவிடுவார்கள் என்றார். எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

போன வருஷம் ஊரில் என் தம்பி குமார் விராலிமலைப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்தான். கட்டைப் பிரித்த பிறகு கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துவிட்டது. அவன் மனைவி செல்வி வீடியோவில் காட்டினாள்.

"டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிருவோமா மாமா?"

"எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரியா? கட்டுப் போட்ட காலு வீங்கத்தான் செய்யும். நல்லெண்ணெயச் சூடு பண்ணி அழுத்தித் தேச்சு விடும்மா."

சுளுக்கோ வீக்கமோ, எண்ணெய் போட்டு உருவிவிடுவதுதான் எங்கள் பக்கத்தில் முதல் வைத்தியம். அதிலும் வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் நான் சொன்னால் மறுபேச்சு ஏது? மூன்றாம் நாள் காலை, அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனான். நெஞ்சடைப்பு என்றார்கள். அவன் எரிந்ததைப் போனில்தான் பார்த்தேன், பாவி.

இதையெல்லாம் என் ஓட்டை ஜெர்மனில் டாக்டரிடம் கொட்டினேன்.

"தேய்த்தது எந்த பிசியோதெரபிஸ்ட்?" என்று கேட்டார்.

"தம்பி மனைவி."

எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, மெதுவாகத் திரும்பக் கேட்டார். நானும் அதையே சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார். இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும் என்றார். ரத்தம் உறையும் வாகு குடும்பத்தில் இருக்கலாம், தம்பி பிள்ளையையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் ஏன் என்று செல்வி கேட்பாள். மறுநாள் கூப்பிட்டேன்.

"செல்வி, குமார் காலு விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"அத நெனைக்காத நாளில்ல மாமா. நீங்க சொன்னீகளேன்னு தேச்சேன். கடைசி மூச்சு வரைக்கும் அவுக காலு என் கையிலதான் இருந்துச்சு. அந்த ஒரு ஆறுதல்லதான் உசுரோட இருக்கேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என்னமோ சொல்ல வந்தீகளே மாமா?"

"பயலுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும்மா. அவனை இங்கிட்டு கூப்பிட்டுக்கலாம்னு இருக்கேன், விசாவுக்குக் கேக்குறாங்க."

"நெசமாவா மாமா?" என்று அழுதாள், சந்தோஷத்தில். அரைகுறை ஜெர்மனில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவன், சொந்தத் தமிழில் ஆமாம் என்றேன்.