மகனுக்காகப் போட்ட புல்தரை

ஹைதராபாத்தில் வேலை போய் என் மகன் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது. வந்தவன் எங்கள் வண்டியூர் வீட்டின் பின்பக்க அறைக்குள் போனான். முதல் மாதம், தூங்கட்டும் என்று விட்டோம். அது தூக்கம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அறை வாசலில் வைத்த சாப்பாட்டுத் தட்டை எப்போதோ எடுத்துக்கொள்வான். சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்களைக் கதவைத் திறக்காமலே அனுப்பிவிட்டான். டாக்டரிடம் இரண்டு தடவை வந்தான். மூன்றாவது தடவை வாசலில் ஆட்டோ நிற்கும்போதே, போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாயே திறக்காத எத்தனையோ பிள்ளைகளைப் பேச வைத்திருக்கிறேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. இவனை ஒரு வார்த்தை பேச வைக்க முடியவில்லை.

அவன் அனுப்பிய பழைய போட்டோ ஒன்று என் செல்லில் இருந்தது. ஆபீஸ் மொட்டை மாடியில் செயற்கைப் புல் விரித்து, பந்தைத் தட்டிக் குழிக்குள் விழ வைக்கும் குட்டி கோல்ஃப் தரை ஒன்று போட்டிருந்தார்கள். கையில் மட்டையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவன் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே, துவைக்கிற கல் கிடந்த இடத்தில், அதே மாதிரி ஒன்று போட்டுவிட்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மகனோடு பேசுவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். “அவன் குளிக்கவே வெளிய வரமாட்டேங்குறான். விளையாடவா வரப்போறான்?” என்றார். ஆனால் துவைக்கிற கல்லைப் பெயர்க்க ஆள் கூட்டி வந்தவரும் அவர்தான்.

அவனியாபுரம் பக்கம் கிரிக்கெட் விளையாடச் செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானங்கள் போட்டுக்கொடுக்கும் ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். நாற்பது வயதிருக்கும். கோல்ஃபுக்குப் போட்டதில்லை, ஆனால் போட்டுவிடலாம் என்றார். முதல் நாள் அரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி, ஜல்லியைக் கொட்டினார்கள். இரண்டாம் நாள் அதன்மேல் கிரஷர் கல்தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து மெஷினால் இடித்தார்கள். வீடே அதிர்ந்தது. அவனுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். கோபமாவது வரட்டுமே என்றும் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் மெஷின் நின்றது. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மகன் கொல்லைக் கதவருகே நின்றிருந்தான். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, “இம்புட்டு மட்டமா போட்டா தண்ணி நிக்கும்ணே. குழியிலருந்து அந்தப் பக்கமா லேசா சரிவு வேணும்,” என்றான். சொன்னதோடு நில்லாமல் இறங்கி வந்து, மண்டியிட்டு, தூளின் மேல் உள்ளங்கையால் தடவிக் காட்டினான். மட்டம் பார்க்க நூல் பிடிக்கச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் வெளியே இருந்தான். நான் டீ கொண்டுபோனபோது படியில் உட்கார்ந்து அந்த டர்ஃப்காரரோடு சேர்ந்து குடித்தான். முகத்தை நேராகப் பார்த்தால் எழுந்து போய்விடுவானோ என்று, டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் புல் விரித்தார்கள். அவன் வரவில்லை. இணைப்புகளை ஒட்டி, ஓரத்தில் ஆணி அடித்து, மெல்லிய மணலைத் தூவி பிரஷ்ஷால் தேய்த்து முடித்தார்கள். வரவழைத்து வைத்திருந்த மட்டையையும் பந்துகளையும் அவன் அறை வாசலில் வைத்தேன். நாலு நாள் அப்படியே இருந்தன.

ஐந்தாம் நாள் விடிந்ததும் நானே மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் கால் வைக்க முடியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தைத் தட்டினேன். நான் தப்பாக அடிப்பதைப் பார்த்தாவது திருத்த வருவான் என்பது என் கணக்கு. தினமும் காலையில் அவன் ஜன்னலுக்குக் கீழே அரை மணி நேரம். இரண்டு வாரத்தில் ஏழெட்டுக்கு ஒன்று குழியில் விழ ஆரம்பித்தது. விழும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பேன்.

ஒரு நாள் ஜன்னல் திறந்தது.

“ம்மா, அந்தச் சத்தம் வேணாம்மா.”

தலை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அங்க, ஆபீஸ் மாடில வச்சுத்தான்மா சொன்னாங்க. விளையாடிக்கிட்டு இருந்தேன். மேனேஜர் வந்து பக்கத்துல நின்னாரு. இதை அடிச்சு முடி, பேசணும்னாரு. நானும் அடிச்சு முடிச்சேன். விழுந்துச்சு. கை தட்டுனாரு. அப்புறம்தான் வேலை இல்லைன்னு சொன்னாரு.”

ஜன்னலை மூடிக்கொண்டான். நான் அந்தப் புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எதைக் கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் போட்டிருக்கிறேன்! ஒன்றும் கேட்காமல், ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு. வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புல்லைப் பிரித்தெடுக்க அதே ஆளைக் கூப்பிட்டேன். விஷயத்தையும் சொன்னேன். அவர் புல்லைச் சுருட்டி வண்டியில் ஏற்றிய பிறகு, என்னைக் கேட்காமலே ஜன்னல் பக்கம் போய், “சார், அவனியாபுரத்துல ஒரு வேலை நடக்குது. லெவல் பாக்க ஆளில்லை. கூட வாரீங்களா?” என்றார்.

உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்டது. “இன்னைக்கு வேணாம்ணே,” என்றான்.

அந்த ‘இன்னைக்கு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அவர் மறுபடியும் வந்தார். அதே பதில். மூன்றாம் தடவை பதில் இல்லை. போகும்போது, “அடுத்த வாரம் வாரேன் டீச்சர்,” என்றார். வரவில்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

அவனுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. தட்டை வைக்கிறேன், எடுக்கிறான். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: இடம் மாற்றுங்கள், கல்யாணம் பண்ணி வையுங்கள், வேறு டாக்டரைப் பாருங்கள். தலையாட்டிவிட்டு வருகிறேன். முன்பெல்லாம் கதவுக்கு வெளியே நின்று எதையாவது பேசுவேன். இப்போது எதைச் சொன்னால் எங்கே வலிக்கும் என்று தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டு, “சாப்பாடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.