ஃபண்டு ஆபீசுக்கு எடுத்துப்போன நாற்பத்திரண்டு நோட்டுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு சம்பளம் வந்தும் இருபதாம் தேதிக்கு மேல் வீட்டில் சில்லறைச் சத்தம் கேட்காது. அதற்காகத்தான் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெனிபிட் ஃபண்டில் மாதம் ஐம்பது ரூபாய் கட்டும் திட்டத்தில் ஒரு ஜனவரியில் சேர்ந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டியோடு திருப்பித் தருவார்கள்.

சேர்ந்த அன்றே கணக்குப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு ஐம்பது அறுநூறு, அதற்குப் பத்து சதவீதம் அறுபது, ஆக அறுநூற்று அறுபது. பென்சில்கூட எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே நானும் மனைவியும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினோம். அவளுக்குத் தையல் மெஷின், கூடத்துக்கு ஒரு சீலிங் ஃபேன், மிச்சத்தில் எனக்கு ஒரு ஜோடி தோல் ஷூ. மறுநாள் ஆசிரியர்கள் அறையில் இந்த அறுபது ரூபாயைப் பற்றி நான் பேசிய பேச்சில் தமிழாசிரியர், டிரில் மாஸ்டர் உட்பட ஆறு பேர் அடுத்த மாதமே ஃபண்டில் சேர்ந்தார்கள். கணக்கு வாத்தியாரே சொல்கிறார் என்ற நம்பிக்கைதான்.

வருஷம் ஓடியது. ஜனவரி பிறந்ததும் பாஸ்புக்கோடு போய் நின்றேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா ஒல்லியான மனிதர், பேச்சைக்கூட எண்ணித்தான் செலவழிப்பார். நோட்டுகளை எண்ணி என் பக்கம் தள்ளினார். அறுநூற்று முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.

"மீதி?" என்றேன்.

"எந்த மீதி சார்?"

"வட்டி அறுபது ரூபாய். நீங்க முப்பத்திரண்டரைதான் வெச்சிருக்கீங்க."

"கரெக்டாதான் இருக்கு சார்."

"எனக்குக் கணக்கு தெரியும். நான் கணக்கு வாத்தியார்."

"அப்ப வீட்ல போட்டுப் பாருங்க சார். அடுத்தது யாருங்க?"

பணத்தைத் தொடாமல் வந்துவிட்டேன். வழி நெடுக வகுத்துப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அறுநூறுக்கு முப்பத்திரண்டரை என்றால் நூற்றுக்கு ஐந்தரைகூட இல்லை. வாசலில் பத்து என்று போர்டு, ஜன்னலில் ஐந்தரைக்கும் குறைவு! மனைவியிடம் கொதித்தேன்.

"பணத்தை வாங்கிட்டு அப்புறம் சண்டை போட்டிருக்கலாமேங்க" என்றாள். பிறகு காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். "இருபத்தேழரைதான் குறையுது. உங்க ஷூ கிட்டத்தட்ட அவ்வளவுதான். மத்தது ரெண்டும் வாங்கிடலாம்."

இதன்பின் நான் எப்படிச் சும்மா இருப்பது?

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன்: "ஒருவர் மாதம் ஐம்பது ரூபாய் வீதம் ஓராண்டு சேமிக்கிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. அவர் பெறும் வட்டி எவ்வளவு?" நாற்பத்திரண்டு பிள்ளைகள். நாற்பத்திரண்டு நோட்டிலும் அறுபது ரூபாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டு, இரண்டு துணிப்பைகளில் அடைத்து, சனிக்கிழமை காலை சைக்கிள் ஹேண்டில் பாரில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு ஃபண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். பாரம் தாங்காமல் வண்டி வழியெல்லாம் நாட்டியம் ஆடியது.

அன்று நல்ல கூட்டம். நான் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பைகளைத் தூக்கி ஜன்னல் பலகையில் வைத்தேன்.

"இது என்ன சார்?"

"சாட்சி. நாற்பத்திரண்டு பேர் தனித்தனியாப் போட்ட கணக்கு. ஒருத்தர்கூட முப்பத்திரண்டரைன்னு சொல்லலை."

குமாஸ்தா மேலே இருந்த ஐந்தாறு நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த நாப்பத்திரண்டு பேருக்கும் கணக்கு சொல்லிக்குடுத்தது யார் சார்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அது வேற விஷயம்" என்று குரலை உயர்த்தினேன். அப்போது எனக்குப் பின்னால் நின்ற பெண் என் தோள் பக்கமாக எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் பாஸ்புக், இடுப்பில் சாவிக்கொத்து. முடிச்சூரில் சொந்தக் கழனி வைத்து ஆள் விட்டுப் பயிர் செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார் பேஜாரு? எனுக்கு பஸ்சு போயிடும்."

"வட்டியில பாதி குறைச்சுட்டாங்கம்மா" என்றேன், ஆதரவு கிடைக்கும் என்று நினைத்து. விஷயத்தையும் சொன்னேன்.

"மாசா மாசம் அம்பது கட்னியா? மொத்தமா அறுநூறு கட்னியா?"

"மாசா மாசம்."

"அப்பறம் இன்னா? என் கயனிக்கு மாசத்துக்கு ஒருத்தனா பன்னெண்டு ஆளு வந்து சேர்றான்னு வெச்சிக்கோ. மொதோ மாசம் வந்தவன் வருசம் பூரா வேல செஞ்சிகினு கீறான். கடசி மாசம் வந்தவன் ஒரே மாசம்தான் செஞ்சான். ரெண்டு பேருக்கும் ஒரே கூலி குடுப்பியா சார்? நா குடுக்கமாட்டேம்பா."

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ஜன்னலை அவளுக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மாணவனின் நோட்டை எடுத்து, நான் சரி போட்ட கணக்குக்குக் கீழேயே எழுத ஆரம்பித்தேன். ஜனவரியில் கட்டிய ஐம்பது பன்னிரண்டு மாதம் உழைத்து ஐந்து ரூபாய் சம்பாதித்திருந்தது. டிசம்பரில் கட்டிய ஐம்பதோ ஒரே மாதம்தான் உள்ளே இருந்தது. அதன் சம்பாத்தியம் நாற்பத்திரண்டு பைசாகூடத் தேறவில்லை. இடையில் இருந்த பத்தும் அவரவர் இருந்த மாதங்களுக்குத் தக்கபடி. கூட்டினேன். முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்தேன். அறுநூறு ரூபாய் வருஷம் முழுக்க அங்கே இருக்கவே இல்லை. சராசரியாகப் பார்த்தால் முந்நூற்று இருபத்தைந்துதான் இருந்திருக்கிறது. அதற்குப் பத்து சதவீதம் அதே முப்பத்திரண்டரை. போர்டில் இருந்த பத்து பத்தாகவேதான் இருந்தது. நான்தான் வராத ஆளுக்கெல்லாம் கூலி கேட்டிருக்கிறேன்.

மறுபடி வரிசையில் நின்று பணத்தை வாங்கிக்கொண்டேன். பைகளைத் தூக்கக் குமாஸ்தா ஒரு கை கொடுத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் நாற்பத்திரண்டு சரியையும் அடித்துத் தவறு போட்டேன். பிள்ளைகளிடம், "தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது" என்று சொல்லிவிட்டு, கூலி ஆள் கதையைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் எல்லோருக்கும் புரிந்தது. ஆசிரியர்கள் அறையில்தான் பாடு. "அறுபதுன்னு சொன்ன வாய்தானேய்யா அது?" என்று தமிழாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். டிரில் மாஸ்டர் மட்டும், "அப்ப மொத்தமா ஜனவரியிலயே அறுநூறு போட்டா அறுபது வருமா சார்?" என்று கேட்டார். வரும் என்றேன். "அறுநூறு யாருகிட்ட இருக்கு?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பேருக்கும் ஒரு மாதம் என் செலவில் காபி.

விஷயம் அதோடு முடியும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, பாஸ்புக்கும் கையுமாக ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வட்டியில பாதியக் காணோம் சார். ஃபண்டு ஆபீசுல கேட்டா, வாத்தியார் வீட்டுக்குப் போங்க, அவரு நல்லா வெளக்குவாருன்னு அனுப்பினாங்க."

உள்ளே அழைத்து, தாள் எடுத்து, பன்னிரண்டு வரி எழுதி விளக்கினேன். காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு இரண்டு பேர். அதற்கடுத்து பொழிச்சலூரிலிருந்து ஒரு குடும்பமே வந்தது, குழந்தைகளோடு. குமாஸ்தா பேச்சை மிச்சம் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் பால் செலவு ஏறியது.

ஒரு ஞாயிறு நான் சராசரியை ஆரம்பிப்பதற்குள் மனைவி வாசல் கேட்டுக்கே போய்விட்டாள். வந்தவரிடம், "டிசம்பர்ல வேலைக்குச் சேர்ந்த நர்ஸுக்கு வருஷச் சம்பளம் கொடுப்பாங்களாங்க?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பாஸ்புக்கைப் பார்த்தார். "அடடே, ஆமாங்க" என்று சைக்கிளைத் திருப்பினார்.

அன்றிலிருந்து அந்த வேலையை அவளே பார்த்துக்கொண்டாள். காபியும் மிச்சம். நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். சில பேர் போகும்போது, "அந்த அம்மாதான் கணக்கு டீச்சர் போல" என்று பேசிக்கொண்டு போவார்கள்.