குண்டானுக்குள் கிடந்த கைபேசிகள்

எங்கள் வீட்டு எவர்சில்வர் குண்டான் ஒன்று இப்போதும் என் அரங்கத்தின் கீழ்த்தளச் சமையல்கட்டில் இருக்கிறது. மூடி போட்ட பெரிய குண்டான். அதைப் பார்த்தால் எனக்குச் சாம்பார் நினைவு வருவதில்லை. கிர்ரென்று ஒரு நடுக்கம்தான் காதுக்குள் ஓடும். முன்பு மாடியில் கூடிய ஒரு கூட்டத்தின் கைபேசிகள் மொத்தமும் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதற்காவது அழைப்பு வந்தால் குண்டானே கருங்கல் மேடையில் தானாக நகரும், எதையோ உயிரோடு பிடித்துப் போட்டு மூடியதைப்போல. மாடியில் இருப்பவர்களுக்கு அது கேட்காது. எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்காத சத்தம் மயிலாப்பூரில் குறைவு.

பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வாடகை சைக்கிளில் ஹார்ன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மாட வீதிகளில் தொடங்கி, உற்சவம், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக் செட் போட்டே இந்தக் கட்டடத்தை எழுப்பினேன். பாட வந்தவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா என்பதை அவர் தண்ணீர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். மாடியில் ஏசி அரங்கம் கட்டி, மூலைக்கு மூலை கேமராவும் மாட்டி, அதைக் காட்டுவதற்கென்றே ஆட்களை மேலே அழைத்துக்கொண்டு போன காலம் அது. அந்த அரங்கத்தைத்தான் மேடம் வாடகைக்குக் கேட்டு வந்தார்.

மேடம் முன்பு பத்திரிகையில் இருந்தவர். இப்போது இளம் நிருபர்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்றார்கள். என்ன பாடம் என்று கேட்டேன். "போனும் கம்ப்யூட்டரும் சாதாரண மனுஷங்களோட உரிமைய எங்கெல்லாம் தொடுதோ, அதை எப்படி விசாரிச்சு எழுதறதுன்னு கத்துக் குடுக்கறேன்யா." "எது எதை வேணா தொடட்டும் மேடம், ஏசிக்குத் தனி சார்ஜ்" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, கேமராக்களை அணைக்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "அணைக்கறதுக்கா மாட்டினேன்?" "உங்க நாற்காலிய யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. இங்க பேச வர்றவங்க முகந்தான் வெளிய போயிடும்" என்றார். வாதாடாமல் ஒப்புக்கொண்டேன். என் தொழிலில் அது அபூர்வம். அடுத்ததாக, மூடி உள்ள பெரிய பாத்திரம் ஒன்று கேட்டார். குண்டானைக் கொடுத்தேன்.

குண்டானில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். கைபேசியை வேறு தளத்துக்கு அனுப்புவதுதான் காரியம். அறையில் கைபேசி இருந்தால் முன்பின் தெரியாத ஓர் ஆளும் கூடவே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அவன் இங்கே கேட்டதை எங்கே போய்ச் சொல்வான் என்பது நமக்குத் தெரியாது என்பார். அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு இருக்கிறதே, கை சும்மா சும்மா சட்டைப்பைக்குப் போகும், வெறும் பையைத் தடவிவிட்டு வரும். தாடி வைத்த ஒரு தம்பி தண்ணீர் குடிக்கும் சாக்கில் கீழே இறங்கிவந்து குண்டானை முறைத்துக்கொண்டு நிற்பான். "உன் பேரச் சொல்லிக் கூப்பிடுதா பாரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

பயிற்சியின் பாதியில், எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாவை அவர்கள் பேட்டி எடுத்தார்கள். கூவம் கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். விடியும் முன்பே பஸ் பிடித்து வந்து, தெருமுனையில் நின்று போனில் முகத்தைக் காட்ட வேண்டும். போன் ஒப்புக்கொண்டால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகக் கணக்கு. யார் பேட்டி கொடுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் வைத்ததே மேடத்தின் வேலைமுறை. பெயரை மறைத்து, குரலையும் கம்ப்யூட்டரில் மாற்றியபிறகு, விஷயம் தெரியாத ஓர் உள்ளூர் ஆளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார். அந்த ஆளாக என்னை உட்காரவைத்தார். என் ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல் கரகரத்தது:

"இருட்டுல மூஞ்சக் காட்டுனா நீ இல்லன்றான். வெளிச்சம் வந்தப்புறம் காட்டுனா லேட்டுன்றான். நான் இன்னா, சூரியன இஸ்துக்கினா வர முடியும்?"

"யாருன்னு தெரியுதாய்யா?" என்றார் மேடம்.

"நம்ம தெரு பெருக்கற அம்மா. இதுக்கு எதுக்கு ஆம்பள வேஷம்?" என்றேன். குரல் கனத்திருந்ததே தவிர, ஒவ்வொரு பேச்சுக்கு நடுவிலும் அந்த அம்மா மூச்சை நிறுத்தி நாக்கால் 'த்ச்' கொட்டும் இடம் மாறவே இல்லை. அதையும் விளக்கிச் சொல்லிவிட்டு, கைத்தட்டல் வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். மேடத்தின் முகம் வெளிறியிருந்தது. எனக்குத் தெரிகிறதென்றால், தினமும் அவளை மிரட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மேடம் அந்த அம்மாவையே வரவழைத்து முழுவதையும் கேட்கவைத்தார். "சொன்னவங்க கேட்ட பிறகுதான் ஊரு கேக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்த அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரன் மாரியே கீது." பிறகு சிரிப்பு நின்றது. "என் இருமல வெச்சே கண்டுபுடிச்சிடுவான் மேடம் அவன். என் ஒருத்தி சம்பளந்தான் ஊட்டுக்கு. இத்த எடுத்துடு."

தாடித் தம்பி பதறினான். "மேடம், எடிட்டர் இடம் ஒதுக்கிட்டார். குரல இன்னும் கொஞ்சம் மாத்திடலாம்."

"மாத்துவே. அவங்க மூச்சு விடற இடத்த மாத்துவியா? போகப் போறது அவங்க வேலைப்பா, நீ வெச்சு ஆட உன் பந்தயப் பணம் இல்ல." அந்த அம்மாவின் கண்ணெதிரிலேயே பதிவையும் அதன் நகலையும் அழிக்கவைத்தார். தம்பி சாப்பிடாமல் இறங்கிவந்து, குண்டானைத் துழாவித் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு, மூடியைக்கூடப் போடாமல் போனான்.

மேடம் அன்று மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். "அழிச்சது சரிதான்யா. ஆனா நாளைக்குக் காலைலயும் அந்தம்மா அதே இருட்டுல முகத்தக் காட்டிக்கிட்டு நிப்பாங்களே" என்றார். அந்த வார்த்தை அவரிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது. பயிற்சி முடிந்தது, மேடம் வருவதும் நின்றது. நானோ விடிகாலையில் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் தெருமுனையைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அந்த அம்மா போனோடு கையை உயர்த்தி, கழுத்தைச் சாய்த்து, ஒரு சின்ன வெளிச்ச வட்டத்துக்குள் தன் முகத்தை வைத்துப் பார்ப்பாள். ஒத்துக்கொள்ளாது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைப்பாள். ஒரு தெரு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கவைக்கிற சாதனம் என் கடையில் அடுக்கி இருக்கிறது. அவளுடைய பேச்சு மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சென்ற வாரம் அவள் துடைப்பமின்றி நின்றிருந்தாள். "நிறுத்திட்டான் அண்ணே. போன் கணக்குல வந்த நாளு கொறையுதாம். இனிமே இன்னா பயம்? என் பேரப் போட்டு, என் கொரல்லயே சொல்றேன். அந்த மேடத்த வரச் சொல்லு." மேடத்தின் எண்ணை அழைத்தேன். பயன்பாட்டில் இல்லை என்றது. அவர் அடிக்கடி எண் மாற்றுகிறவர்தான். என்றாலும் எங்கே, எப்படி இருக்கிறாரோ என்று இன்னும் இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன். விசாரித்துத் தாடித் தம்பியைப் பிடித்தேன். இப்போது தி.நகரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறான், தாடி இல்லை. மேடத்துக்கும் எப்படியாவது தகவல் சொல்லப் பார்க்கிறேன் என்றான்.

நேற்று வந்தான். வந்தவன் உட்காரவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் குண்டானை இறக்கி, தன் கைபேசியைப் போட்டான். அந்த அம்மாவுடையதையும் கேட்டு வாங்கிப் போட்டான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான். இத்தனை நாளில் என் கைபேசி அதற்குள் போனதே இல்லை. கட்டடம் என்னுடையது என்கிற நினைப்பு. "உங்களுதும்தாங்கய்யா" என்றான். கொடுத்தேன். மாடிக்குப் போய்க் கேமராக்களை நானே அணைத்தேன். என் கடையிலேயே சிறந்த மைக்கை அவள் முன் வைத்தேன். ஒரு சிறிய பதிவுக் கருவியில் அவளுடைய சொந்தக் குரல், அதன் 'த்ச்' எல்லாவற்றோடும் ஏறியது.

பேசி முடித்ததும் அவன் ஹெட்போனை அவள் காதில் மாட்டி, தொடக்கத்திலிருந்து ஓடவிட்டான். "எங்க வேணாம்னு தோணுதோ, கையத் தூக்குங்கம்மா." அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்போது கீழே குண்டான் கிர்ரென்று மேடையில் நகர்ந்தது. அது என் கைபேசி, எனக்குத் தெரியும். மேடம் புது எண்ணிலிருந்து அழைக்கிறாரோ என்னவோ. பாதி எழுந்துவிட்டேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள், கை மடியிலேயே இருந்தது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.