தேசப்பன் தோளில் வைத்த உப்பு

தேசப்பன் வழுக்கி விழுந்தது அவனே மிதித்துச் சமன் செய்த பாத்தியில்தான். மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் கட்டுவதற்கு முன் பாத்தித் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அந்த மிதியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தவன், நாலு பேர் பார்க்க மல்லாந்து கிடந்தான். தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டி, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டான். லாரிக்கு மூட்டை ஏற்றிய காலத்தில் முதுகு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, முதுகு வலிக்காத நாளிலும் அவனை ஆட்டி வைத்தது. பாண்டியில் மறுவாழ்வு மையத்தில் கிடந்து, மனைவி சூர்யகலாவின் பிடிவாதத்தால் மீண்டு வந்தவன். இன்னொரு மாத்திரை உள்ளே போனால் பழைய குழிதான் என்று பயம். அதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். பயத்தை வீரம் என்று மாற்றிச் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"உப்பளத்துக்காரனுக்கு உப்புதான்டி மருந்து," என்றான் சூர்யகலாவிடம்.

அவள் துணி துவைக்கப் போன நேரத்தில், உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் கட்டித் தோளில் வைத்தான். வலி அசையவில்லை. ஒன்று கேட்கவில்லையென்றால் இரண்டு என்பது அவனுடைய மாத்திரைக் காலத்துக் கணக்கு. அதே கணக்கை உப்பிடமும் காட்டினான். இரண்டாவது தடவை வாணலி புகைய உப்பை வறுத்துக் கட்டி அழுத்தியதில் தோல் பொத்துக்கொண்டது. இப்போது முறிவு ஒன்று, கொப்புளம் ஒன்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன இது?" என்றதும் அவன் தொண்டையைச் செருமினான். சூர்யகலா முந்திக்கொண்டாள்.

"இந்த ஆளு மாத்திரைக்கு அடிமையா இருந்தவரு டாக்டரம்மா. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு, தன்னைத்தானே கருவாடு மாதிரி வறுத்துக்கினாரு."

வரிசையில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தேசப்பனுக்குத் தோள்வலி சற்று நேரம் மறந்தே போனது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பழக்கம் இருந்துச்சுன்னா வலியைத் தாங்கியே ஆவணும்னு யாருங்க சொன்னது? முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்கேத்த மாதிரி குடுத்திருப்பேன். போதை தராத மாத்திரை இருக்குது. முறிஞ்ச இடத்துல ஐஸ் வைங்க, துணியில சுத்தி. புண்ணு மேல மட்டும் வெக்காதீங்க. சூடு வேணவே வேணாம். மாத்திரை உங்க வீட்டம்மாகிட்ட இருக்கட்டும். அதுக்கும் கேக்கலன்னா எனக்கு போன் பண்ணுங்க. உங்க மையத்து டாக்டரையும் கலந்துக்கிட்டு முடிவு பண்ணலாம்."

அன்று சாயங்காலம் ஐஸ் உருகித் தீர்ந்தபோது தேசப்பன் முனக ஆரம்பித்தான்.

"ஏய் கலா, இன்னொரு மாத்திரை குடு."

"இன்னும் நேரம் ஆவலை."

அவன் இன்னும் சத்தமாக முனகினான். அவள் திரும்பவில்லை. மேலும் ஒரு சுருதி ஏற்றினான். அந்த முனகல் அவன் காதுக்கே மாத்திரைக் காலத்தில் பழகிய முனகலாகப் பட்டது. அதில் பாதி நடிப்பு. எந்தப் பாதி என்றுதான் பிடிபடவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"கலா, போன் போடு. டாக்டரம்மாவுக்கு."

"என்னான்னு சொல்ல?"

"நானே பேசுறேன்."

அவள் எண்ணை அழுத்தி, நல்ல கையில் போனைக் கொடுத்தாள்.

"டாக்டரம்மா, தேசப்பன் பேசுறேங்க. தோளு வலிக்குதா, மனசு மாத்திரை கேக்குதான்னு எனக்கே தெரியலீங்க."

"நல்லதுங்க, போன் பண்ணீங்களே. ரெண்டுமே இருக்கலாம். மொதல்ல வலியைப் பாப்போம். எங்க, எப்படி வலிக்குது, நிதானமா சொல்லுங்க."

சூர்யகலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தேசப்பன் சொல்லத் தொடங்கினான்.