அம்மா கடலில் இறங்கிய நாள்

எரிமலையில் தோன்றிய தீவுக்குப் போகிறோம் என்று கேள்விப்பட்டதிலிருந்து சிஞ்ஞோராவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. எரிமலையில் வீடு கட்டி வைத்திருப்பவர் சாதாரணமானவராக இருக்க முடியாது. பலெர்மோவில் பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கத்திலிருந்த அவருடைய வீட்டில்தான் அம்மா வேலை செய்தார்; சிஞ்ஞோரா என்றால் இத்தாலிய மொழியில் அம்மணி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. அந்த ஆகஸ்டில் சிஞ்ஞோரா உஸ்திக்காத் தீவுக்குப் போகும்போது சமைக்க அம்மாவையும் கூட்டிப்போனார். பள்ளி விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் போனேன். அப்பாவுக்கு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. அவர் அதே நகரின் அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டார்.

பலெர்மோவிலிருந்து விசைப்படகில் போய் இறங்கியதும் நான் முதலில் தேடியது புகையை. இந்த மலை எப்போதோ அணைந்துவிட்டது என்று சிஞ்ஞோரா சொன்னார். மண்ணும் கல்லும் கறுப்பாக இருந்தது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, சிஞ்ஞோரா அம்மாவுக்கு ஓய்வு கொடுத்தார். இரவுச் சமையலுக்கு வந்தால் போதும், தீவைச் சுற்றிப் பாருங்கள் என்றார். அம்மா பாணும் வாட்டிய கத்தரிக்காயும் கட்டி எடுத்தார். நாங்கள் நடந்தோம்.

அங்கே இருந்தது ஒரே ஓர் ஊர். வீட்டுச் சுவர்களில் மீனும் படகும் பெரிய கண்களுள்ள பெண்களும் வரையப்பட்டிருந்தன. வாசலில் கதிரை போட்டிருந்த ஒருவர் சிறு துணிப்பைகளில் பருப்பு விற்றார். அம்மா ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, "எங்கட மைசூர்ப் பருப்பின்ரை தங்கச்சி" என்றார். ஊர் முடிந்ததும் கள்ளிச்செடிகளுக்கு நடுவே பாதை இறங்கியது. கடைசியில் வெளிச்சவீடு வந்தது, அதன் கீழே பாறைகள் சூழ்ந்த சிறிய குடா. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அடியிலுள்ள கறுப்புக் கற்களை எண்ணலாம் போலிருந்தது. நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பாதை முடியும் இடத்தில் சிவப்புக் கோடு போட்ட அறிவித்தல் பலகை ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளைச் சீருடை போட்ட இளைஞன் ஒருவன்.

"இதிலை இறங்கப் பெர்மெஸ்ஸோ வேணுமோ எண்டு கேள்."

ஆட்கள் குளிக்கிறார்கள்தானே என்றேன். அவர்கள் இந்த நாட்டு ஆட்கள், நீ கேள் என்றார். வெட்கத்தோடு போய்க் கேட்டேன். அனுமதிக்கும் வதிவிடப் பத்திரத்துக்கும் இத்தாலியில் ஒரே சொல்தான், பெர்மெஸ்ஸோ; அது காதில் விழுந்ததுமே அம்மா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த வதிவிட அனுமதியை இரண்டு கைகளாலும் நீட்டினார். இளைஞன் பயந்து ஓர் அடி பின்னால் போனான். தான் வதிவிட அனுமதி கொடுக்கும் குவெஸ்தூரா அலுவலகத்து ஆள் இல்லை, போலீஸ் வேலை தனக்குத் தெரியாது என்றான். பிறகு பலகையைக் காட்டி விளக்கினான். இந்தக் கடல் மீன்களுக்கான காப்பகம். இங்கே மீன் பிடிக்கக் கூடாது, படகு வரக் கூடாது, கல்லைக்கூட எடுக்கக் கூடாது. மனிதர்கள் தாராளமாகக் குளிக்கலாம்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். "அப்ப இவர் மீனுக்கே காவல் நிக்கிறார்?" என்றார். ஓம் என்றேன். அம்மா சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"எத்தினை மணி மட்டும் நிக்கலாமெண்டும் கேள்."

இளைஞன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னான். நான் மறுபடி விளக்கினேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, குளிர் எடுக்கும் வரை என்றான்.

அம்மா கைப்பையை என்னிடம் தந்தார். பாவாடை சட்டையோடு பாறையிலிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரேயடியாக மூழ்கினார். அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தண்ணீர் மூடிக்கொண்டது. நான் காத்திருந்தேன், பிறகு கத்தினேன். இளைஞன் தொப்பியை எறிந்துவிட்டு ஓடி வந்தான். வெகு தூரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலேயே இல்லாமல், அம்மாவின் தலை எழும்பியது. பாறையில் படுத்திருந்த தடித்த பெண்ணொருத்தி எழுந்து கைதட்டினாள். அம்மா மல்லாந்து மிதந்தபடி என்னை வாவென்று கூப்பிட்டார். அன்று பின்னேரம் முழுவதும் அவர் என் வயிற்றுக்குக் கீழே கையை வைத்து மிதக்கப் பழக்கினார். உதடு நீலமாகி, பற்கள் அடித்துக்கொண்டபோதும் எனக்குக் குளிரவில்லை என்றே சொன்னேன்.

திரும்பும்போது அம்மா நேரே சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போகவில்லை. ஊர்ச் சதுக்கத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு நுழைந்து, அப்பாவுக்கு எடுத்தார்.

"இஞ்சை கடலிலை இறங்க ஆரையும் கேக்கத் தேவையில்லையாம்" என்றார். "குளிர் எடுக்கு மட்டும் நிக்கலாமாம். மீனுக்குத்தான் காவலாம்."

அப்பா மன்னாரில் தோணியில் தொழிலுக்குப் போனவர். நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிடும் காலத்தில், சண்டை நடந்ததால், அந்தக் கடலுக்கு இலங்கை நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது, பாஸ் இருந்தாலும் பொழுதுபட முன்னர் கரைக்கு வந்துவிட வேண்டியிருந்தது, வராமல் போனவர்களில் அப்பாவின் தம்பியும் ஒருவர் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, அந்தப் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்பதுதான். ஒருவரும் கதைக்காமலே தொலைபேசி அட்டையில் மிச்சமிருந்தது குறைந்துகொண்டு போவது சின்னத் திரையில் தெரிந்தது. லைன் கட்டாகிவிட்டது, வைத்துவிடுங்கள் என்று அம்மாவின் ஈரப் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் தலையைத் தடவினார். ரிசீவரை வைக்கவில்லை.