கட்டைச் சத்தம்

கார்த்திகையில் சாமை அறுப்பு முடிந்ததும் எங்கள் மலையில் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். நிலங்கள் மொட்டையாகக் கிடக்கும், காற்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அறுத்த தாளுக்குள் புரளும், மாடுகள் மனம்போன போக்கில் மேயும். அவை காட்டுக்குள் ஓடிவிடாமல் இருக்கக் கழுத்தில் ஒரு முழக் கட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தொண்டுக்கட்டை என்று பெயர். ஓடினால் முன்னங்கால்களில் இடிக்கும். நடந்தால் கல்லில் பட்டு டொக், டொக் என்று சத்தம் வரும். பனிக்குள்ளிருந்து மாடு தெரிவதற்கு முன்னால் அந்தச் சத்தம் தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, அந்த வருடம் வரைக்கும்.

மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் அப்போது எனக்கு வேலை. பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வீடு, வீட்டைச் சுற்றி முள்வேலி, வேலிக்குள் நான் போட்ட அவரைப் பந்தல். மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் இருந்த சொந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை, ஜீப்பில் இடம் கிடைத்தால் போவேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். அங்கே இருந்தால் இங்கே மனம், இங்கே இருந்தால் அங்கே. என்னை அந்த ஊரில் நிறுத்திவைத்தது ஒரு செவலை நாய்தான். எனக்கு முன்பு இருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போகையில் வீட்டோடு விட்டுப் போனது. சாவியோடு சேர்த்து நாயையும் ஒப்புக்கொண்டேன்.

செவலைக்கு ஒரே ஒரு வேலை தெரியும். கட்டைச் சத்தம் கேட்டால் போதும், எங்கே படுத்திருந்தாலும் எழுந்து பாயும். அவரைக்கு வந்த மாட்டைப் பின்னங்காலில் கவ்வி வேலிக்கு வெளியே தள்ளிவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டபடி என்னிடம் வரும். நான் ஒரு துண்டு கருவாடு கொடுப்பேன். நான்கு வருடங்கள் இப்படித்தான். சத்தம், பாய்ச்சல், கருவாடு.

அந்தக் கார்த்திகையில் பக்கத்துச் சரிவில் இருந்த ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்பியது. புறப்படும் நாள் காலையில் அந்த வீட்டுப் பெண் ஒரு கறுப்புப் பெட்டை நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"டீச்சரு, இத்த நீங்க வச்சிக்கிங்க. அங்க தோட்டத்துல நாய வுடமாட்டாங்களாம்."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"எங்கத்த திரும்பறது. கூலி ஒழுங்கா வந்தா அங்கயேதான்."

"உங்க ஓரகத்தி பக்கத்துலயேதானே இருக்காங்க. அவங்க வீட்ல விடலாமே?"

"அவ வச்சிக்குவா. அவ ஆம்பள வுடமாட்டான். ஒரு புளியமரத்துக்காவ எங்க மூஞ்சில முழிக்கிறதில்ல, எங்க நாய்க்கா சோறு போடுவான்?"

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது எல்லையில் நின்ற புளியமரம் யாருக்கு என்பதில் வந்த சண்டை. ஊருக்கே தெரியும். நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கறுப்பு அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று இரண்டு நாய்களும் ஒன்றையொன்று மோந்தன. செவலை ஒருமுறை உறுமியது, பிறகு போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். இதை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் எந்தச் சண்டையும் இல்லை.

இரண்டாம் நாள் கறுப்பு கயிற்றைக் கடித்துக்கொண்டு பூட்டிய வீட்டுக்கு ஓடிவிட்டது. கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்ததைத் தூக்கி வந்தேன். நான்காம் நாள் மறுபடியும். அந்த வாரம்தான் கீழ்ச்சரிவில் சிறுத்தை இரண்டு ஆடுகளை அடித்திருந்தது. அந்தப் பூட்டிய வீடோ காட்டின் விளிம்பில் இருந்தது. அங்கே தனியாகப் படுத்திருக்கும் நாய்க்கு ஆயுள் எத்தனை நாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருந்தால் பிழைக்கும், அங்கே போனால் போச்சு. எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்த ஓரகத்திதான் யோசனை சொன்னாள். என் வயதுக்காரி. வாய் துடுக்கு, கை அதைவிட வேகம்.

"கவுத்த கட்னா கடிக்கத்தான் கடிக்கும். கட்டய மாட்டுங்க டீச்சரு. நாங்க புதுசா வாங்கியாற மாட்டுக்குக் கட்றதுதான. பத்து நாள்ல எடம் பழகிடும், அப்பால அவுத்துடலாம்."

அவளே ஒரு கிளையை வெட்டிச் சீவி, துளை போட்டு எடுத்து வந்தாள். புளியங்கட்டை.

"இது எந்த மரத்துது?" என்றேன்.

"அந்த மரந்தான்" என்று சிரித்தாள். "எங்க வூட்டுக்காரு பாத்தா என்னயும் கட்டி தொங்க வுடுவாரு."

அவள் கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் முடிச்சுப் போட்டேன். முடிச்சு என் கையால் போட்டது. அதை மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கறுப்பு எழுந்து நாலடி வைத்தது. டொக். படுத்திருந்த செவலை அம்பு போல வந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. நாய்களுக்குத் தனித்தனிச் சட்டி வைத்தேன், தனித்தனிச் சாக்கு விரித்தேன். ஒன்றின் சாக்கை மற்றதற்கு மாற்றிப் போட்டேன், வாசனை பழகட்டும் என்று. ஒருவேளை பொறாமையோ என்று செவலையை மடியில் இழுத்துவைத்துக் கொஞ்சினேன். கறுப்புக்குக் களி உருட்டிப் போடும்போது செவலைக்கு முதல் உருண்டை. எதுவும் உதவவில்லை. படுத்திருக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே வெயிலில் கிடக்கும். கறுப்பு தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், பாய்ச்சல். நான் பிரம்பை எடுத்துக்கொண்டு நடுவே ஓடுவேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது காது பின்பக்கமே இருக்கும். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மாற்றல் கேட்டு மனு எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன்.

"இன்னா டீச்சரு, நாய்க்கி பஞ்சாயத்து பண்ணி பண்ணி எளச்சிப் போய்ட்டீங்க" என்பாள் அவள். "ரெண்டுத்தயும் ஒரே சட்டியில துன்ன வுடுங்க. ஒண்ணாத் துன்னா ஒண்ணாயிடும்."

"உங்க வீட்ல அண்ணன் தம்பி ஒண்ணாத்தானே சாப்பிட்டாங்க?"

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு, "அதுவும் வாஸ்தவந்தான்" என்றாள்.

கட்டை மாட்டிய எட்டாம் நாள் நான் தாமதமாக ஓடினேன். கறுப்பின் இடது காது பாதியாகக் கிழிந்து தொங்கியது. பின்னங்கால்கள் இரண்டிலும் பல்தடம். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவும்போது கறுப்பு என் கையைக் கடிக்கவில்லை, நக்கவும் இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. செவலை ஆடும் வாலோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தது. எதையோ எதிர்பார்ப்பது போல உட்கார்ந்தது. அதை ஓங்கி அடித்தேன். முதல்முறையாக அடித்தேன். வாலைச் சுருட்டிக்கொண்டு, என்ன தவறென்று புரியாத முகத்தோடு பந்தலடிக்குப் போனது.

மறுநாள் ஞாயிறு. நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வாசற்படியில் இருந்தேன். செவலை ஓர் ஓரம், கறுப்பு ஓர் ஓரம், இரண்டும் தூக்கம். வேலிக்குப் பின்னால் ஏதோ மாடு வந்தது. டொக், டொக். செவலை எழுந்தது. வேலிப் பக்கம் பார்க்கவில்லை. கறுப்பைப் பார்த்தது. முதுகு மயிர் நின்றது. கறுப்பு அசையவே இல்லை. ஆனால் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. செவலை வேலியைப் பார்த்தது, கறுப்பைப் பார்த்தது, மறுபடி வேலியை. பிறகு என்னைப் பார்த்தது.

சிவப்பு மை நோட்டில் கொட்டியது.

நான்கு வருடங்கள் கருவாடு கொடுத்து நான் கற்றுக்கொடுத்த வேலையைத்தான் அது செய்துகொண்டிருந்தது. மாட்டில் கவ்வுகிற பின்னங்காலையே இதிலும் கவ்வியிருக்கிறது. நேற்று ரத்தத்தோடு என் முன்னால் உட்கார்ந்தது கூலிக்காக. அதைத்தான் அடித்திருக்கிறேன். கறுப்பின் கழுத்தில் நான் ஒரு மாட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து மாட்டை ஓட்ட வந்த ஓரகத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ. நாந்தான சீவிக் குட்த்தேன்."

"அவிழ்க்கப் போறேன்."

"அவுத்தா ஓடிடும் டீச்சரு. நேத்துகூட சாயங்காலம் கீழ பனமரத்தாண்ட சிறுத்த தடம் பாத்தாங்க. வோணும்னா கட்டமேல சாக்கு சுத்துங்க, சத்தம் வராது."

ஒரு கணம் அதையும் நினைத்தேன். பிறகு கறுப்பின் முன்னங்கால்களைப் பார்த்தேன். கட்டை இடித்து இடித்து முழங்கால்கள் இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. நாய்ச்சண்டையைப் பார்த்த பதற்றத்தில் இதை நான் பார்க்கவேயில்லை. முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அரிவாளால் அறுத்தேன்.

கறுப்பு எழுந்தது. கட்டை இன்னும் இருப்பது போலவே முன்னங்கால்களை அகட்டி அகட்டி வைத்து நடந்தது. செவலை அருகே போய் அதன் கழுத்தில் மயிர் உதிர்ந்திருந்த வளையத்தை மோந்தது, நெடுநேரம். பல்லைக் காட்டவில்லை. அவள் வேலிக்கு வெளியே நின்று மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

வெயில் சாய்ந்ததும் அவள் சொன்னபடியே ஆயிற்று. கறுப்பைக் காணவில்லை. நான் சரிவில் இறங்கி ஓடினேன். செவலை பின்னாலேயே வந்தது. கறுப்பு அந்தப் பூட்டிய கதவடியில் கிடந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். செவலை பத்தடி தள்ளிக் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தது. மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

"இருட்டிக்கினு வர்து, மூணு பேரும் அங்க இன்னா குந்திக்கினு கீறீங்க? வூட்டுக்கு வாங்க!"

கறுப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எலும்பும் மயிருமாக இருந்தாலும் கனத்தது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். தை பிறக்கும்வரை சாயங்காலம் தவறாமல் அந்தச் சரிவில் இறங்கி ஏறினோம். கண்ணமங்கலத்துக்குப் போகவில்லை. மாற்றல் மனு மேசையிலேயே கிடந்தது. ஒருநாள் நான் சரிவில் இறங்கக் கிளம்பி நின்றபோது கறுப்பு என் வாசலிலேயே படுத்திருந்தது. எழச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

நாய்கள் ஒன்றோடொன்று விளையாடியதாகச் சொல்ல எனக்கு ஆசை. விளையாடியதில்லை. ஒரே வெயிலில் படுத்தன, அவ்வளவுதான். வேலிக்கு வெளியே கட்டைச் சத்தம் கேட்டால் செவலை பாயும். கறுப்பு என் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்ளும், சில நாள் அங்கேயே மூத்திரம் போய்விடும். துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அந்தப் புளியங்கட்டையை அடுப்பில் வைத்தேன். பச்சை மரம், எரியாமல் இரண்டு நாள் புகைந்தது.

சில வருடங்களில் செவலைக்குக் காது மந்தமாயிற்று. மாடு வேலியைத் தாண்டி அவரையை மேய்ந்தாலும் தெரியாமல் தூங்கியது. பிறகு ஒரு மார்கழிக் காலையில் கவனித்தேன். கட்டைச் சத்தம் கேட்டுக் கறுப்பு பதறி எழுந்து கட்டிலை நோக்கி ஓடியது. செவலை தலையைத் தூக்கி அந்த ஓட்டத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு எழுந்து, எதிர்ப்பக்கமாக, வேலியை நோக்கிப் போனது. அங்கே மாடு இருந்தது.

அதன்பிறகு கடைசிவரை அப்படித்தான். திரும்பி வரும் செவலைக்குக் கருவாட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டோடு கட்டிலுக்கு அடியில் குனிவேன். கறுப்பு உடனே வாங்காது. அந்தச் சத்தம் நின்று, மாடு வெகுதூரம் போகும்வரை நான் கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.