தூண்டியவர்

ஓசூர் கம்பெனி பஸ்ஸில் அவர் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவார். நரைத்த மீசை, பல்லிடுக்கில் ஒரு தீக்குச்சி. பீடி, சிகரெட் கிடையாது. ஒரு நாள் கேன்டீனில் வேகாத சோற்றைப் பார்த்துத் தட்டைக் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்து அந்த ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் கவிழ்த்துவிட்டார்கள். தொழிலாளர்களைத் தூண்டினார் என்று மறுநாள் விசாரணை. வேலையே போகலாம்.

"தூண்டறதுன்னா என்னா சார், தீ வெக்கிறதா?" என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் கேட்டார்.

அகராதியைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவன் சும்மா இருப்பேனா? "இல்லீங்க. எரியற விளக்குல திரியக் குச்சியால மேல தள்ளிவிடறதுதான் தூண்டறது. தீ முன்னாடியே அங்க இருக்கும்."

தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப ஒத்துக்கறேன் சார். அடுப்புல சோத்துக்குப் பத்தாமப் போன தீ எங்க வயித்துல இருந்துச்சு, தூண்டினேன்னு சொல்லிடறேன்."

சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன். "ஐயோ, ஒத்துக்காதீங்க! அதுவும் நான் சொன்னேன்னு..."

"பயப்படாதீங்க சார். நீங்க தூண்டிவிட்டீங்கன்னு மூச்சுவிட மாட்டேன்" என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் விசாரணை அறைக்குள் இருந்தபோது கேன்டீனில் சோறு பதமாக வெந்திருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. அதன் பிறகும் காலிதான். என்னை இன்றுவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.